காட்டவேண்டிய ஏடு

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது தமிழ்ப் பழமொழி. வாய்ச்சொல்லை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்து, பின்னர் கண்ணீர் விடுவோரை நோக்கி எழுந்த அறிவுரை அது. நீதிமன்றத்தின் படியேறி இறங்கியோர் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கூறுவர்: எழுதிய கணக்கும் காட்டாவிடில் தீராது. ஏடு ஒருவர் கையில் இருக்கிறது. அந்த ஏட்டினால் நிலைநாட்டப்பட வேண்டிய உரிமை மற்றொருவருடையதாக இருக்கிறது. வைத்திருப்பவர் காட்ட மறுக்கிறார். உரிமை கோருபவரோ வீட்டிலுள்ள கடதாசி அனைத்தையும் கொண்டுவருக என்கிறார். வழக்கின் பொருளைப் பற்றிய விவாதம் தொடங்குமுன்னரே, காட்டுவதா மறைப்பதா என்னும் கிளை வழக்கொன்று தலையெடுக்கிறது. இக்கிளை வழக்குத் தாய்வழக்கையே விழுங்கிவிடுவதும் உண்டு. இப்பிணக்கை இருதரப்புச் சட்டத்தரணிகளும் தமக்குள் எவ்வாறு தீர்த்துக்கொள்ளலாம் என்பது ஆராயத்தக்கது.

இப்பிணக்குப் புதியதன்று. பெரியபுராணம் கூறும் நம்பியாரூரர் வரலாற்றைக் கேட்டறியாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. புத்தூரில் மணப்பந்தரிற் புகுந்த முதிய வேதியர், ஆரூரர் தமக்கு வழியடிமை எனக் கூறி ஓர் ஓலையைச் சான்றாக்குகிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. கிழிபட்டது படியோலைதான், மூலவோலை தம்மிடம் உண்டு என்கிறார் முதியவர். அதனைக் காட்டினால் மீண்டும் வன்செயல் நிகழாதவாறு காப்பீர்களோ என்று சபையாரை வினவுகிறார். தீங்கு நேர விடமாட்டோம் என்று அவர்கள் உறுதியளித்த பின்னரே ஓலை வெளிவருகிறது. ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையிலுள்ள எழுத்தோடு ஒப்புநோக்கப்பட்டு, வழக்கு முடிகிறது.

புராணத்தின் பத்திச் சுவையை ஒருபுறம் வைத்து, நியாய முறையை மட்டும் நோக்கினால், அச்சபை மூன்று காரியங்களைச் செய்தமை புலப்படும். ஆவணத்தைக் காட்டச் செய்தது. காட்டுவோனுக்குப் பாதுகாப்பு அளித்தது. காட்டியதை ஒப்பிட்டு ஆராய்ந்தது. இவற்றுள் நடுவணதாகிய பாதுகாப்பே இக்காலத்திற் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. காட்டு, காட்டு என்று வற்புறுத்துவோர், காட்டுவோன் எதனை அஞ்சுகிறான் என்று கேட்பதில்லை. பிணக்கு முற்றுவதற்கு அதுவே காரணம்.

இனிக் கொக்குவிலுக்கு வரலாம். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியை ஒட்டி அமைந்த இவ்வூர், சுருட்டுத் தொழிலாற் பேர்பெற்றது. குடாநாட்டுத் தோட்டங்களில் விளைந்த புகையிலை, இங்குள்ள கொட்டில்களிற் சுருட்டாகித் தென்னிலங்கைக் கடைகளுக்குச் சென்றது. கொட்டில் ஓரிடத்தில், கடை மற்றோரிடத்தில். சரக்கு ஒருவர் பொறுப்பில், பணம் இன்னொருவர் பொறுப்பில். இத்தகைய வணிகம் நம்பிக்கையினாலும் பேரேட்டினாலுமே நடைபெறும். நம்பிக்கை தளர்ந்த நாளில் எஞ்சுவது பேரேடு ஒன்றே.

ஒரு வழக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கொக்குவிலில் அத்தானும் மைத்துனனும் கூட்டாகச் சுருட்டு வணிகம் நடத்துகின்றனர். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்படும் கூட்டு வணிகம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆதலின் ஒப்பந்தப் பத்திரமும் எழுதப்பட்டுள்ளது. அத்தான் ஊரிலிருந்து புகையிலை கொள்வனவையும் கொட்டிலையும் கவனிக்கிறார். மைத்துனன் கொழும்புக் கடையைப் பார்க்கிறான். 2001ஆம் ஆண்டில் அத்தான் இறந்துவிடுகிறார். அவருடைய மனைவி தன் கணவனின் பங்குக்குக் கணக்குக் கேட்கிறாள். கணக்குக் காட்டவேண்டியவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. கேள்வி வீட்டு முற்றத்தில் தொடங்கி, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தை அடைகிறது.

தமக்கையின் சட்டத்தரணி எழுதுகிறார்: "வணிகம் தொடங்கிய நாள் முதலாக உள்ள எல்லாப் பேரேடுகளையும், நாளேடுகளையும், கடிதங்களையும், வங்கிக் கணக்குகளையும் காட்டுக." தம்பியின் சட்டத்தரணி விடையெழுதுகிறார்: "கேட்கப்பட்டவை வழக்குக்குத் தொடர்பற்றவை; பழைய ஏடுகள் இல்லை; எஞ்சியவை தொழில் இரகசியம்." இரண்டு கடிதமும் ஒரே தவற்றின் இருபக்கம். முன்னவர் வேண்டியது எதுவென்று அறியாமல் எல்லாவற்றையும் கேட்டார். பின்னவர் மறுக்கத்தக்கது எதுவென்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் மறுத்தார். இனித் தவணைக்குத் தவணை மனுவும் ஆட்சேபமும் எழும். தமக்கை நகை அடகு வைத்துச் செலவு செய்வாள். தம்பி கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்பிலிருந்து வந்து திரும்புவான். கணக்கிலுள்ள தொகை எவ்வளவு என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

சட்டம் இதற்கு வழி வகுக்காமலில்லை. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, தன் 16ஆம் அத்தியாயத்தில் இதனை விரிவாகக் கூறுகிறது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று எதிர்த்தரப்பாரிடம் எழுத்துமூலம் வினாக்களை விடுக்கலாம் என்பது 94ஆம் பிரிவு. வழக்கின் பொருளுக்குத் தொடர்புடைய ஆவணங்கள் எவை தம்மிடம் உள்ளன, அன்றி முன்னர் இருந்தன என்பதைச் சத்தியக்கடதாசியால் வெளிப்படுத்துமாறு 102ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் வருவதைக் கூறுவது 109ஆம் பிரிவு: மீறியவர் வாதியாயின் வழக்குத் தள்ளுபடியாகலாம், பிரதிவாதியாயின் அவருடைய எதிர்வாதம் அகற்றப்படலாம்.

இவ்விறுதித் தண்டனையின் கடுமையே அதன் குறைபாடுமாகும். ஒரு பற்றுச்சீட்டைக் காட்டாதவனுடைய எதிர்வாதம் முழுவதையும் அகற்றிவிட எந்த நீதிபதியும் விரைந்து முன்வரார். எனவே வாளுக்கு முன்னே வேறு கருவிகள் வேண்டும். அவை பெரும்பாலும் சட்டத்தரணிகளின் கையிலேயே இருக்கின்றன. பிரக்கிராசியாரும் அப்புக்காத்தரும் தனித்தனி வகுப்பாராய் இருந்த முறை, 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் மாறி, அடுத்த ஆண்டு முதல் யாவரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். பெயர் மாறினும், கட்சிக்காரனுக்குக் காட்டும் விசுவாசமும் நீதிமன்றத்தை ஏமாற்றாத நேர்மையும் ஒருங்கே உடையவராதல் வேண்டும் என்ற கடமை மாறவில்லை.

ஆவணம் பற்றிய பிணக்குகளைப் பகுத்துப் பார்த்தால் நான்கு வகையில் அடங்கும்: அளவு, இருப்பு, மறைபொருள், முறை. எந்த வகைப் பிணக்கு என்று தெளிந்தாற் பாதி தீர்ந்தது போலாகும்.

முதலாவது அளவு. எது தொடர்புடைய ஆவணம்? 1882ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், பெரு நாட்டுப் பறவையெச்ச உரத்தை விற்ற கம்பனியொன்றின் வழக்கில் இதற்குப் பரந்த விடையொன்றை அளித்தது. ஒருவருடைய வாதத்துக்குத் துணைசெய்யவோ எதிரியின் வாதத்தைத் தளர்த்தவோ கூடிய ஆவணம் மட்டுமன்றி, அத்தகைய செய்திக்கு வழிகாட்டி அழைத்துச் செல்லக்கூடிய ஆவணமும் காட்டத்தக்கதே என்றார் நீதிபதி பிரெற். நூறாண்டுகளுக்கு மேல் இவ்வளவுகோல் ஆட்சி செய்தது. வண்டி வண்டியாகக் கடதாசி சேர்ந்து செலவு மிகுந்தமையால், 1999ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்நாட்டார் அதனைச் சுருக்கினர். தாம் சார்ந்திருக்கும் ஆவணமும், எவருடைய வாதத்துக்கேனும் நேரே துணையாகவோ பாதகமாகவோ அமையும் ஆவணமுமே பொதுவாகப் போதும் என்றாயிற்று.

கொக்குவில் வழக்குக்கு இதனைப் பொருத்தினால், தமக்கையின் சட்டத்தரணி தம் கடிதத்தைத் திருத்தி எழுதலாம். கணவன் இறப்பதற்கு முந்திய மூன்றாண்டுப் பேரேடு. அதே காலத்து வங்கிக் கூற்றுகள். கொக்குவிலிலிருந்து சரக்கனுப்பிய சீட்டுகள். இவை மூன்றும் முதற் கோரிக்கை. இவற்றிற் பழைய நிலுவை ஏதும் தென்பட்டால், அதனைக் காட்டி முந்திய ஆண்டுக்குச் செல்லலாம். கிணறு தோண்டுபவன் ஊற்றுக்கண் உள்ள இடத்தைத் தேர்ந்து தோண்டுவானேயன்றி வளவு முழுவதையும் தோண்டான். குறுக்கிக் கேட்டவரை மறுப்பது கடினம். விரித்துக் கேட்டவரை மறுப்பது மிக எளிது.

இரண்டாவது இருப்பு. "இல்லை" என்னும் விடையே வடபுலத்து வழக்குகளில் மிகுந்த ஐயத்தை விளைப்பது. ஆயின் அது பலகால் மெய்யாகவும் இருக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக வெளியேறினர். கொக்குவிலும் வெறிச்சோடியது. குழந்தையைத் தூக்கியவர் பெட்டகத்தைத் தூக்கவில்லை. மீண்டு வந்தபோது கூரையும் கதவும் போன வீடுகளில் உறுதியும் பேரேடும் எஞ்சியிருத்தல் எங்ஙனம்? இத்தகைய இடரைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. போர்ச்சூழலினால் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிற் சேர்க்காது விலக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது.

ஆகவே "இல்லை" என்பவரைப் பொய்யர் என்று கூறுவதும், அவ்விடையை அப்படியே விழுங்குவதும் ஒருங்கே தவறு. கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. ஏடு எப்போது கடைசியாகக் காணப்பட்டது? எவ்விடத்தில், எவர் பொறுப்பில் இருந்தது? எவ்வாறு தொலைந்தது? எங்கெல்லாம் தேடப்பட்டது? இவற்றிற்குச் சத்தியக்கடதாசியில் விடை பெறுதல் வேண்டும். மெய்யாகவே இழந்தவனுக்கு இவ்விடை எளிது. ஒளித்தவனுக்கு அது முள். பிற்காலத்தில் அவ்வேடு திடீரென வெளிவருமாயின், இன்று எழுதிய விடையே அவனுக்கு எதிராய் நிற்கும்.

மேலும், ஒரு கை இழந்ததை மற்றொரு கை வைத்திருக்கக்கூடும். காணி உறுதியாயின், நொத்தாரிசு ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மற்றொரு படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் சட்டம். பதிவகத்திற் சான்றுபடுத்திய பிரதி பெறக்கூடியதாயிருக்க, மூலத்தைக் காட்டு என்று ஈராண்டு போராடுவது எதற்கு? வணிகக் கணக்காயின் வங்கியிலும், வருமான வரித் திணைக்களத்திலும், சரக்கு வாங்கிய கடைக்காரரிடத்தும் அதன் நிழல் கிடக்கும். இருதரப்பாரும் கூட்டாக எழுதிக் கேட்டால் அவற்றுட் பலவற்றை ஒரு தவணைக்குள் வருவித்துவிடலாம்.

மூன்றாவது மறைபொருள். காட்டுவோனைக் காக்கும் கடமை ஈண்டு எழுகிறது. சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையே தொழில்முறையில் நிகழ்ந்த பேச்சும் கடிதமும் வெளியிடத்தகாதவை என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. இக்காப்பின் அருமையை அமெரிக்க வழக்கொன்று நன்கு விளக்கும். 1943ஆம் ஆண்டில் டெலவெயர் ஆற்றில் இழுவைப் படகொன்று மூழ்கி, ஒன்பது பேரில் ஐவர் மாண்டனர். உயிர்தப்பியோரைப் படகுச் சொந்தக்காரரின் வழக்கறிஞர் விசாரித்துக் குறிப்பெழுதினார். மாண்டவர் ஒருவரின் சார்பில் அக்குறிப்புகள் கேட்கப்பட்டன. 1947ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவற்றைத் தர மறுத்தது. உயிர்தப்பியோரை எவரும் நேரிற் கேட்கலாம். நடந்த உண்மையை ஒருவரும் மறைக்கலாகாது. ஆயின் தக்க காரணமின்றி ஒரு வழக்கறிஞரின் மனத்தைத் திறந்து பார்க்க மற்றவருக்கு உரிமையில்லை என்பதே அதன் கருத்து. உண்மை பொதுச் சொத்து, உழைப்பு உழைத்தவனுடையது.

தொழில் இரகசியமோ வேறு வகை. சுருட்டுக்குக் கோடா காய்ச்சும் பக்குவத்தைத் தம்பி வெளியிட அஞ்சுவது நியாயமே. ஆனால் பக்குவம் எழுதிய தாள் வேறு, பணம் எழுதிய தாள் வேறு. முன்னதை மூடிவைத்துப் பின்னதைக் காட்டலாம். வாடிக்கையாளர் பெயர் அயற்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் இருப்பின், ஏட்டைச் சட்டத்தரணியும் கணக்காய்வாளரும் மட்டுமே பார்ப்பர், வழக்குக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தார் என்று எழுதிக் கையொப்பமிடலாம். மறுப்பவரும், மறுத்த ஆவணம் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, நாளும் தன்மையும் மறுப்புக்குக் காரணமும் குறித்தல் வேண்டும். உள்ளடக்கத்தை மறைக்கலாம், ஆவணம் ஒன்று உண்டென்பதை மறைத்தல் ஆகாது.

நான்காவது முறை. எங்கே பார்ப்பது, எவர் பிரதியெடுப்பது, செலவு எவருடையது என்பன சிறிய கேள்விகள். ஆயினும் சினத்தை வளர்ப்பவை. அன்றாடம் எழுதப்படும் பேரேட்டை நீதிமன்றத்தில் மாதக்கணக்காக முடக்கினால் வணிகம் நிற்கும். குறித்த நாளிற் கடையிலேயே மூலத்தைப் பார்த்து, வேண்டிய பக்கங்களுக்குப் பிரதியெடுத்து, இருவரும் அடையாளமிட்டு வைத்தாற் போதும். பிரதியின் செலவு கேட்பவருடையது. பின்னர் தீர்ப்பில் அது சரிசெய்யப்படலாம்.

இந்நான்கையும் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து பேசினால், ஒரு பிற்பகலிற் பெரும்பகுதி தீரும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இது வெறும் நல்லெண்ணத்தின் பாற்பட்டதன்று. ஆவணங் காட்டுமாறு கட்டளை கேட்பவர், எதிர்த்தரப்பாரோடு மெய்யாகப் பேசிப் பார்த்ததாகவோ பேச முயன்றதாகவோ சான்று கூறி மனுச் செய்தல் வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. இலங்கையிலும், வழக்கு விளக்கத்துக்கு முன்னரே விடயங்களைச் சுருக்கும் முன்விளக்க நடைமுறையை அண்மைக்காலத் திருத்தச் சட்டங்கள் புகுத்தியுள்ளன. ஆயின் சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருத்தல் வேண்டியதில்லை. பேச்சின் முடிவில் ஒரே தாளில் மூன்று நிரல் எழுதிக்கொள்ளலாம்: ஒத்துக்கொண்டவை, நிபந்தனையோடு ஒத்துக்கொண்டவை, ஒவ்வாதவை. மூன்றாம் நிரலை மட்டும் நீதிபதியின் முன் வைத்தால், ஐம்பது ஆவணத்தைப் பற்றிய சண்டை மூன்று ஆவணத்தைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கும்.

பேசியும் இணங்காதவர் இருப்பர். அவர்களிடத்து மென்மை மட்டும் போதாது. கேட்டதையும், கெடு குறித்ததையும், மறுத்ததையும் எழுத்தில் வைத்திருத்தல் வேண்டும். அறிவித்தல் கொடுத்தும் காட்டாத ஆவணத்தைப் பிறகு தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்ட, எதிர்த்தரப்பாரின் சம்மதமோ நீதிமன்றத்தின் கட்டளையோ வேண்டும் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு. கையிலிருக்கும் சான்றை ஒருவர் காட்டாதுவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று ஊகிக்க 114ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. மறைத்தலின் கூலி மறைத்தவனையே சாரும் என்பதைக் கட்சிக்காரனுக்கு எடுத்துரைப்பது, எதிர்த்தரப்பாருடைய கடமை அன்று. அவனுடைய சொந்தச் சட்டத்தரணியின் கடமை.

தமக்கையின் தரப்புக்கும் ஒரு கடமை உண்டு. புகையிலை வாங்கிய விபரத்தை எழுதிவைத்த கணவனின் கொப்பி அவளிடமே இருக்கிறது. தோட்டக்காரருக்குக் கொடுத்த முற்பணம் அதிலேதான் பதிந்துள்ளது. அதனை அவள் மறைத்துக்கொண்டு தம்பியின் பேரேட்டைக் கேட்பது முறையாகாது. கொப்பியும் பேரேடும் அருகருகே விரிக்கப்பட்ட நாளில், தமக்கை எண்ணியதினும் இலாபம் குறைவென்றும், தம்பி சொன்னதினும் மிகுதியென்றும் வெளிப்படலாம். வழக்கு அன்றே முடிந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. தொகையைப் பற்றி இன்னும் வாதாட இடமுண்டு. ஆயினும் அது கணக்கைப் பற்றிய வாதமாக இருக்கும். "என் தம்பி கள்வன்", "என் அக்கா என்னை நம்பவில்லை" என்னும் மனக்கொதிப்பாக இராது.

நீதிமன்றம் தரும் தீர்ப்பு ஒரு தொகையைத்தான் கூறும். அத்தொகையைப் பெற்றவளும் கொடுத்தவனும் அதற்குப் பின்னரும் அதே ஊரில், ஒரே கோயில் வீதியில் எதிர்ப்பட வேண்டியவர்கள். பிள்ளைகளின் கலியாணத்துக்கு மாமன் வந்து நிற்க வேண்டும். இதனை மனத்திற்கொண்டு, கேட்கத்தக்கதை அளந்து கேட்பவரும், காட்டத்தக்கதைத் தாமே முன்வந்து காட்டுபவரும் தம் கட்சிக்காரருக்கு எவ்விதத்திலும் குறைவு செய்தவராகார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலை வெளிவந்தது வலிமையினால் அன்று. தீங்கு நேராது என்ற உறுதியினாலேயே. இன்று அவ்வுறுதியை நீதிபதிக்கு முன்னரே அளிக்க வல்லவர்கள், எதிரெதிரே நிற்கும் சட்டத்தரணிகள் இருவருமே.